சமக்குறி போட்டால் நகல் ஆகாது

போன வாரம் நித்யா ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது கணினி நிரல் எழுதுகிறவள். படத்தில் இருந்தது என் பழைய மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாள். என் கையெழுத்துதான்: 'கைக்கு வந்த பட்டியலைத் தொடாதே. நகல் எடு. நகலைத் தொடு.'

கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, இதை எடுத்துடலாமான்னு இங்க பேச்சு. பழைய பட்டியலைத் தொடாம புதுசா ஒண்ணு குடுக்குற கட்டளையெல்லாம் இப்ப ஜாவாஸ்கிரிப்ட்லயே வந்துடுச்சு. வரிசைப்படுத்த, நீக்க, மாத்த, எல்லாத்துக்கும். எடுக்கறதுக்கு முன்னாடி இது எதுக்காக வந்துச்சுன்னு எழுதிக் குடுங்களேன். இங்க யாருக்கும் முழுசாத் தெரியல."

தாராளமாக எடுத்துவிடுங்கள் என்று உடனே பதில் போட்டேன். சுவரில் ஒட்டிச் சொல்ல வேண்டியிருந்ததை மொழியே செய்து கொடுக்கிறது என்றால் சந்தோஷம்தான். எழுதிக் கொடுக்கத்தான் ஒரு வாரம் ஆகிவிட்டது. இது நான் செய்த தவறின் கதை. அதை எழுத உட்காரும்போதெல்லாம் துணி மடிக்கிற வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கணிதம் படித்துவிட்டு ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டேட்டா என்ட்ரிக்குப் போனேன். அங்கேயே ஃபாக்ஸ்ப்ரோவில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், நடுவில் விஷுவல் பேசிக். ஐம்பதை நெருங்கும்போது, இனி எல்லாம் பிரவுசரில்தான் என்று ஆனதும் ஜாவாஸ்கிரிப்ட். என் மகள் வயதுப் பெண்கள் வகுப்பில் என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டார்கள். நான் அவர்களைவிட வேகமாக டைப் அடித்தேன். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

அதன் பிறகு சேர்ந்த இடம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடி. ஆறு பேர். மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு கேட் பாஸ், ஷிப்டுப் பட்டியல் மாதிரியான மென்பொருள் செய்து கொடுப்போம். முதலாளி செல்வராஜ். திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே மொத்த மளிகை வியாபாரம் பார்த்த குடும்பம். இவர் ஒருவர்தான் கடையில் உட்காராமல் இஞ்சினியரிங் படித்தவர். பிறந்தது தண்டையார்பேட்டை என்றாலும் வீட்டில் பேசிய பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை.

அவரிடம் 'இருக்கும்' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. "சர்வர்ல பிரச்சினை இருக்கும் சார்" என்றால், "இருக்கும்னு சொல்லுதீங்க. இருக்கா?" என்பார். குரல் உயராது. பதில் வரும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். யார் நிரலிலாவது பிழை என்றால், எதிரே நிற்க மாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவரும் திரையைப் பார்த்தபடி, "வாய்விட்டு வாசிங்க" என்பார். மனதுக்குள் வாசித்தால் நாம் எழுத நினைத்ததைத்தான் வாசிப்போம், வாய்விட்டு வாசித்தால்தான் எழுதினது வரும் என்பது அவர் கணக்கு. முதல் முறை அப்படி வாசித்தபோது பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மாத்தூர் போகிற வழியில் ஒரு இரசாயனத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே ஆபத்துச் சங்கு ஊதினால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு, காம்பவுண்டு ஓரம் வேப்பமரத்தடியில் வந்து கூட வேண்டும். யார் வந்தார்கள், யார் இன்னும் உள்ளே என்று எண்ண ஒரு திரை வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் திரையை நான் எழுதினேன்.

அதன் நடைமுறை இதுதான். காலையில் கேட்டில் பாஸைக் காட்டி உள்ளே போகிற ஒவ்வொருவர் பெயரும் 'உள்ளே' என்ற பட்டியலில், வந்த வரிசையில் சேரும். சங்கு ஊதினதும் செக்யூரிட்டி கையிலிருக்கும் டேப்லெட்டில் 'வரவேண்டியவர்கள்' என்ற பட்டியல் திறக்கும். மரத்தடிக்கு வந்தவர் பெயரைத் தொட்டால் அது பட்டியலிலிருந்து போய்விடும். எல்லாப் பெயரும் போனதும் திரை பச்சையாகும். அதோடு முடியாது. பச்சை வந்த பிறகு 'உள்ளே' பட்டியலைத் திறந்து, முதல் பெயரிலிருந்து இன்னொரு முறை எல்லோரையும் சத்தமாகக் கூப்பிட வேண்டும். விரல் தவறினாலும் வாய் பிடித்துவிடும் என்பதற்காக அந்த இரண்டாம் அழைப்பு.

ஒத்திகை இரண்டு முறை நடந்தது. குறை எதுவும் வரவில்லை. சோதித்துப் பார்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் முற்பகல், அங்கே அமிலக் குழாயில் ஒரு இணைப்பு விட்டுப்போய் வெள்ளையாகப் புகை கிளம்பியது. சங்கு ஊதினார்கள். ஆட்கள் மரத்தடிக்கு ஓடி வந்தார்கள். அன்று டேப்லெட்டை வைத்திருந்தது சகாயமேரி. ராயபுரம் மாதா கோயில் பக்கத்தில் வீடு, புருஷன் மீன்பிடி படகில். கேட்டில் பல வருடமாக வேலை. பெயர்களைத் தொட்டுக்கொண்டே வந்தாள். திரை பச்சையானது. இரண்டாம் அழைப்புக்காக 'உள்ளே' பட்டியலைத் திறந்தாள். அதில் ஒரு பெயர்கூட இல்லை. உள்ளே யாரும் இல்லாததால்தான் காலியாக இருக்கிறது என்று தொழிற்சாலை மேனேஜர் சொல்லிவிட்டார். கூப்பிட ஒன்றும் இல்லை.

அப்போது கூட்டத்திலிருந்து தேவகுமார் என்பவன் முன்னால் வந்தான். குழாய்களுக்கு வெப்பக்காப்பு சுற்றுகிற ஒப்பந்தத் தொழிலாளி. தம்பி தேவராஜும் அதே வேலைதான். அண்ணன் தகடு எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்த நேரத்தில் சங்கு ஊதியிருக்கிறது.

"மேடம், என் தம்பி வர்ல" என்றான்.

சகாயமேரி திரையைப் பார்த்தாள். "பேரு போயிடுச்சேப்பா. வந்துகீறான், இங்கதான் எங்கனா நின்னுகினு இருப்பான்."

"எல்லா பக்கமும் தேடிட்டேன். அவன் பாய்லர் பின்னால மேல கீறான். காதுல மூடி போட்டுகீறான். சங்கு கேட்டுருக்காது."

மேனேஜர் திரையைக் காட்டினார். எல்லோரும் வெளியே என்று பச்சையில் எழுதியிருந்தது. பாதுகாப்பு அதிகாரி மட்டும் அதைப் பார்க்கவில்லை. "ஸ்கிரீன் அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். ஆள் எங்கே?" என்று கேட்டுவிட்டு, சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு இன்னொருவரோடு உள்ளே போனார். பாய்லருக்குப் பின்னால், மேடையில், ஒரு குழாயை அணைத்தபடி தேவராஜ் இருமிக்கொண்டிருந்தான். புகை படியில் ஏறிவந்து அவன் இறங்கும் வழியை மறித்திருந்தது. கடல்காற்று புகையை மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்ததால் தப்பினான். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கண் எரிச்சல் ஒரு வாரம் இருந்தது.

எங்களுக்குச் செய்தி வந்தபோது விசாரணையும் பாதி முடிந்திருந்தது. டேப்லெட்டில் தொட்டதெல்லாம் நேரத்தோடு பதிவாகும். அந்தப் பதிவில் தேவகுமார் பெயர் தொடப்பட்டிருந்தது. இரண்டு விநாடி கழித்து தேவராஜ் பெயர். வராத ஆளை வந்ததாகத் தொட்டுவிட்டாள் என்று சகாயமேரியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பதிவைப் பார்த்ததும் எனக்கு மூச்சு திரும்ப வந்தது. விரல் அவளுடையது. என் நிரல் இல்லை.

அந்தப் பதிவைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். செல்வராஜ் சார் இரண்டு முறை படித்தார். "அந்தம்மா என்ன சொல்லுதாங்க?" என்றார்.

"தேவகுமாரைத்தான் தொட்டேன்னு சொல்றாங்களாம் சார். பயத்துல மாத்திச் சொல்றாங்களா இருக்கும்."

சொன்ன பிறகுதான் சொல் தெரிந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் அலுவலகத்தில் சோதித்தேன். அதே டேப்லெட், அதே பெயர்கள். ஒரு பெயரைத் தொட்டதும் அந்த நிமிஷமே போனது. ஒரே இடத்தில் இரண்டு முறை வேகமாகத் தட்டியும் பார்த்தேன். முதல் தட்டிலேயே பெயர் போய்விடுவதால், அடுத்த தட்டு கண்ணுக்குத் தெரியும்படிதான் அடுத்த பெயரில் விழுந்தது. குறை தெரியவில்லை. "அந்தம்மாவையே தொட்டுக் காட்டச் சொல்லுவோம்" என்றார் சார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீடு திரும்புகிற நேரம் பார்த்து நாங்கள் இருவரும் ராயபுரம் போனோம்.

சந்துக்குள் சந்து. அவள் வீட்டில் இரண்டே அறை. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. நான் இந்த ஏரியா ஆள்தான், இன்ன தெரு, இன்னார் மகள் என்று சொன்னேன். அப்பாவைத் தெரிந்திருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இன்னா மேடம், நீங்களும் தப்பு என்னுதுன்னு கையெழுத்து வாங்க வந்துகீறீங்களா?"

"இல்லம்மா. அன்னிக்கு எப்டி தொட்டியோ அப்டியே தொட்டுக் காட்டு. வேற ஒண்ணும் வேணாம்."

டேப்லெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் ஒருத்தன் பேரு போற வரைக்கும் அடுத்தவன தொடமாட்டேன். இது என் பழக்கம். தேவகுமாரு என் எதிர்ல நிக்கிறான். தொட்டேன். பேரு போவல. அப்டியே நின்னுகினு இருக்குது. சரி, விரல் படல போலனு இன்னொரு தபா தொட்டேன். அவன் பேர தான் தொட்டேன். இதோ, இப்டி."

தொட்டாள். பெயர் போகவில்லை. திரும்பத் தொட்டாள். நாலைந்து விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பட்டியல் ஒரு குலுக்கலில் மேலே ஏறியது. தேவகுமாரும் இல்லை. அவனுக்கு அடுத்து இருந்த தேவராஜும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றாள் சகாயமேரி. நான் பார்த்தேன். சாரும் பார்த்தார். அந்த அறைக்குள் சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை சார் நாற்காலியை என் பக்கத்தில் போட்டார். நான் வாய்விட்டு வாசித்தேன். பதினெட்டாவது வரியில் நாக்கு நின்றது.

'வரவேண்டியவர்கள் = உள்ளே.'

நிரல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். கோயில் பதிவேட்டில் அந்தோணிசாமி, துறைமுகத்தில் டோனி. அந்தோணிசாமிக்கு ஜுரம் வந்தால் டோனிக்கும் லீவுதான். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பட்டியலுக்குச் சமக்குறி போட்டால் நடப்பது அதுதான். இரண்டாவது பட்டியல் பிறப்பதில்லை. இருக்கிற பட்டியலுக்கு இரண்டாவது பெயர் கிடைக்கிறது. 'வரவேண்டியவர்கள்' பட்டியலிலிருந்து நான் நீக்கிய ஒவ்வொரு பெயரும் 'உள்ளே' பட்டியலிலிருந்தும் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் அழைப்புக்கென்று வைத்திருந்த பட்டியலை முதல் அழைப்பே தின்றுவிட்டது. ஒத்திகைகளில் எல்லோரும் வந்துவிட்டதால், காலியாக இருந்த அந்தப் பட்டியலைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

பெயர் போகாமல் நின்றதற்கும் அதுதான் காரணம். திரையை வரைவது வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல், நூலகம் என்போம். அது, கொடுத்த பட்டியல் முன்பு கொடுத்ததேதானா, புதியதா என்று மட்டும்தான் பார்க்கும். உள்ளே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்காது. நான் பழைய பட்டியலிலேயே ஒரு பெயரைப் பிடுங்கிவிட்டு அதையே திருப்பிக் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை என்று அது சும்மா இருந்துவிட்டது. பிறகு 'பதிவானது' என்று சர்வரிலிருந்து பதில் வரும்போது வேறு காரணத்துக்காகத் திரை புதிதாக வரையப்படும். பெயரும் அப்போதுதான் மறையும். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பதில் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். வேப்பமரத்தடியில், அத்தனை பேரும் வீட்டுக்கு போன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வரவில்லை. திரையில் நின்றது தேவகுமார். அதே இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் பட்டியலில் நின்றது தேவராஜ். நான் பெயரை வைத்து நீக்கவில்லை. எத்தனையாவது இடம் என்பதை வைத்து நீக்கியிருந்தேன்.

சகாயமேரி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தாள். பெயர் போகிறதா என்று பார்த்தாள். போகாததால் தொட்டாள்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஒரு யோசனை வந்தது, மறைக்க மாட்டேன். அந்த வரியை மாற்றி, புதிய பதிப்பு என்று அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் நிரல் படிக்கத் தெரிந்தவர் கிடையாது. நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான். சார் என் பெயரைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்றும் தெரியும். ஆனால் தப்பு நம்முடையது என்று சொல்லாமல் இருக்கவும் மாட்டார் என்பதும் தெரியும். அது மட்டுமல்ல. அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டது கண்ணை விட்டுப் போகவில்லை.

சார் வந்து கேட்டது ஒன்றுதான். "கடிதத்தை நீங்க எழுதுதீங்களா, நான் எழுதட்டா?"

"நானே எழுதறேன் சார்."

முதல் வரியில் 'எங்கள் மென்பொருளிலும் ஒரு குறை இருந்திருக்கலாம்' என்று எழுதினேன். அவர் 'மென்பொருளிலும்' என்பதிலிருந்த 'உம்'மை அடித்தார். 'இருந்திருக்கலாம்' என்பதை அடித்தார். கடைசியில் இப்படிப் போனது: 'செக்யூரிட்டி தொட்டது சரியான பெயரை. எங்கள் திரை தவறான பெயரை நீக்கியது. நிரலை எழுதியவள் நான்.' கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே அவர் தன் கையெழுத்தையும் போட்டார்.

இரண்டு நாளில் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் கடிதத்தை மேஜையில் வைத்து, "டச் ஸ்கிரீன்ல ரெண்டு தடவ தட்டுறது கவனக்குறைவு இல்லையா?" என்று கேட்டார்.

நான் டேப்லெட்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். "மேல மூணாவது பேரை எடுங்க சார்."

தொட்டார். போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் தொட்டார். பிறகு வேறு விரலால் தொட்டார். நான் இணைப்பைத் திரும்பக் கொடுத்ததும் மூன்று பெயர் ஒன்றாகப் போயிற்று. அவர் டேப்லெட்டை மெதுவாக மேஜையில் வைத்தார். சகாயமேரி மறுநாளே வேலைக்குத் திரும்பினாள். எங்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பாதுகாப்பு அதிகாரிதான், தப்பை வந்து சொல்கிறவர்களை விட்டுவிட்டு சொல்லாதவர்களைத் தேடிப் போகணுமா என்று கேட்டாராம்.

தேவராஜைப் பார்க்க மாத்தூர் போனேன். கண் இன்னும் சிவப்பாக இருந்தது. என்னவெல்லாமோ யோசித்து வைத்திருந்தேன். "என் தப்புப்பா. மன்னிச்சிடு" என்பதற்கு மேல் வரவில்லை.

அவன் என் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தான். பிறகு, "அதுல என் பேரு எப்டி போச்சு மேடம்? காட்டுங்க" என்றான்.

காட்டினேன். அண்ணனும் எட்டிப் பார்த்தான். மூன்று தடவை செய்து பார்க்கச் சொன்னான் தேவராஜ். புரிந்ததும் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "நல்லா பேஜாரு பண்ணிகீது. அண்ணன் முந்தி நின்னா தம்பி காலி."

பிறகு அவனே சொன்னான்: "புச்சா பண்றீங்கள்ல, எங்க ஆளுங்கள கூப்டுங்க. உங்க ஆபீஸ்ல எல்லாரும் சுத்தமான விரல்ல தொடுறீங்க. எங்க கைல பிசின் கீது, க்ளவுஸ் கீது. ஒரு தபா தொட்டா படாது. அப்ப இன்னா ஆவும்னு பாருங்க."

என் வேலை வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆலோசனை அது. வெப்பக்காப்பு வேலை செய்கிறவனிடமிருந்து வந்தது.

புதிய பதிப்பில், சங்கு ஊதினதும் 'உள்ளே' பட்டியலுக்கு உண்மையான நகல் எடுத்தேன். சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி வைத்துப் பழைய பட்டியலின் பெயரை எழுதினால் புதிய பட்டியல் பிறக்கும். மூன்றே புள்ளி. வந்தவர் பெயரை நீக்காமல், பக்கத்தில் டிக் போட வைத்தேன். எத்தனையாவது இடம் என்று பார்க்காமல் பாஸ் எண்ணைப் பார்க்க வைத்தேன். ஒரே பெயரைப் பத்து முறை தொட்டாலும் அடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது.

ஹார்டுவேர் கடை மாடிக்கு ஒரு நாள் அவர்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். க்ளவுஸோடு தட்டினார்கள். சகாயமேரியும் வந்திருந்தாள். எல்லாம் சரியாக வந்தது. நான் நிமிர்ந்து உட்காரப் போகும்போது தேவகுமார் 'உள்ளே' பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "மேடம், காலைல வந்த பட்டியல்லயும் டிக் விழுந்துகீதே. இது விழலாமா?" என்றான்.

விழக் கூடாது. பட்டியலை நகல் எடுத்தேனே தவிர, அதற்குள் இருந்த ஒவ்வொரு ஆளின் விவரத்தையும் நகல் எடுக்கவில்லை. புது அலமாரி வாங்கி, பழைய டப்பாக்களையே இரண்டு அலமாரிக்கும் பொதுவாக வைத்த கதை. ஒரு டப்பாவில் டிக் போட்டால் இரண்டிலும் தெரியும். செல்வராஜ் சார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குள் தேவகுமார் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க மேடம், எந்த வரி?" என்றான். அவனுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். யாருக்கு டிக் விழுகிறதோ அவருக்கு மட்டும் புதிய டப்பா, மற்றவர்களுக்குப் பழையதே போதும் என்று திருத்தினேன். நித்யா படம் எடுத்து அனுப்பிய அந்தத் தாளை எழுதிச் சுவரில் ஒட்டியது அன்று சாயங்காலம்.

அடுத்த மாதம் தொழிற்சாலையில் ஒத்திகை வைத்தார்கள். அதில் ஒரு ஏற்பாடு. ஒருவன் மட்டும் வராமல் உள்ளே இருந்துவிட வேண்டும். யார் என்று சகாயமேரிக்கும் மேனேஜருக்கும் தெரியக் கூடாது. நானே இருக்கிறேன் என்று தேவராஜ் கேட்டு வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை.

முற்பகல் வெயில். சங்கு ஊதியது. மரத்தடிக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். சகாயமேரி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத் தொட்டுக்கொண்டே வந்தாள். அன்றும் சிக்னல் மோசம்தான். ஆனால் தொட்ட கணமே டிக் விழுந்தது. கடைசியில் ஒரே ஒரு பெயர் சிவப்பாக நின்றது. மேனேஜர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். செல்வராஜ் சாரும் பார்த்தார். திரை பச்சையாகவில்லை.

சகாயமேரி மைக்கை எடுத்தாள். "தேவராஜ். இன்சுலேஷன் தேவராஜ்." மூன்று முறை கூப்பிட்டாள். பாதுகாப்பு அதிகாரியின் ஆட்கள் கருவி மாட்டிக்கொண்டு நேராக பாய்லர் பக்கம் போனார்கள். கொஞ்ச நேரத்தில் நடுவில் அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் முகத்திலும் ஒரு மாஸ்க்.

டேப்லெட்டை நீட்டி, "தொட்டுடும்மா, முடிஞ்சிடுச்சு" என்றார் மேனேஜர்.

அவள் தொடவில்லை. "கிட்ட வா. அத கழட்டு. மூஞ்சியக் காட்டு" என்றாள். அவன் கழற்றினான். நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு முறை தொட்டாள். திரை பச்சையானது.

ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். அவள் மைக்கைக் கீழே வைக்கவில்லை. காலைப் பட்டியலைத் திறந்தாள். ஒரு பெயர் குறையாமல், ஒரு டிக் இல்லாமல், காலையில் கேட்டில் நுழைந்த வரிசையில் அத்தனை பேரும் இருந்தார்கள். முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தாள். "இன்னாக்கா, வெயில்ல இன்னொரு தபாவா" என்று யாரோ முனகினார்கள். "நில்லு நைனா" என்றுவிட்டுப் படித்தாள். கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

"தேவகுமார்."

"கீறேன்."

"தேவராஜ்."

"கீறேன்க்கா" என்றான் அவன், தேவைக்கும் அதிகமான சத்தத்தில்.